மஞ்சள் துணி கட்டிய ஏழாம் செடி

2.2.63 சனி

காலையில் பனி மூட்டம். சைக்கிளைப் பாலை மரத்தில் சாத்திவிட்டு மிச்ச அரை மைல் நடை. இடது முழங்காலில் நோவு. கைவிட்ட சின்னக் குளம்; கட்டு உடைந்து எத்தனை தலைமுறையோ. முள்ளியவளை ஆட்கள் அந்தப் பக்கம் போவதில்லை என்று நினைத்துத்தான் மூன்று வருடத்துக்கு முன் அந்த இடத்தைத் தெரிந்தெடுத்தேன்.

செடிகள் 14. எல்லாம் நிற்கின்றன. மான் கடிக்கவில்லை.

ஒரு தடவை மட்டும் அந்தச் சொல்லை எழுதுகிறேன். தேவைப்பட்டால் இந்தத் தாளைக் கிழிக்கலாம். கஞ்சா. இனிமேல் "செடி" மட்டும்.

எழுதாமலே விடலாம். எக்சைஸ்காரர் கையில் இந்தக் கொப்பி அகப்பட்டால் வேறு சாட்சி தேவையில்லை. ஆனால் எழுதாவிட்டால் எது எந்தச் செடி என்று இரண்டு கிழமையில் மறந்துவிடும். முப்பத்தெட்டு வருடம் பள்ளிக்கூடத்தில் வரவு இடாப்பு எழுதிய கை. ஞாபகத்தை நம்பியவர்களின் கணக்கு எப்படி முடியும் என்று எனக்குத் தெரியும்.

நேற்றுவரை கண்டது:

இல. 3 – என் தோள் உயரம். எலுமிச்சை மணம். மனைவி பாக்கியத்துக்குச் சிரிப்பு வந்தது. நோவு குறையவில்லை. சிரித்தபடியே அழுதாள்.
இல. 5 – கடா மணம். நோவு போனது. ஆனால் பயம். கூரைமேல் யாரோ நடக்கிறான் என்று என் கையை விடவில்லை. வேண்டாம்.
இல. 7 – குட்டை. ஊதாத் தண்டு. மாங்காய்ப் பால் மணம். நோவு தணிந்தது, பயம் இல்லை, நித்திரை. மூன்று தடவை, மூன்றும் ஒரே மாதிரி. எந்தச் செடி என்று அவளுக்கு அப்போது சொல்லவில்லை.
இல. 11 – மணம் அப்படியே 7. குணம் ஒன்றுமில்லை. ஆகவே மணத்தை மட்டும் நம்பக்கூடாது.
மற்றவை சொல்லுமளவுக்கு இல்லை.

எல்லாவற்றையும் முதலில் நான்தான் குடித்துப் பார்த்தேன். இல. 5 அன்று சுவர் மணிக்கூடு என் பெயரைச் சொன்னது. பாக்கியத்துக்கு இதைச் சொல்லவில்லை.

3.2.63 ஞாயிறு

வெயில். வயல்களில் அறுவடை தொடங்கிவிட்டது. தெருவெல்லாம் வைக்கோல் தூசி.

பாக்கியத்தின் நோவைப் பற்றி ஒழுங்காக ஒரு முறை எழுதி வைக்கவேண்டும். வலக் கன்னம். கொதிக்கிற கம்பியை இழுத்தது போல் என்கிறாள். காற்றுப் பட்டால் வரும். தண்ணீர் பட்டால் வரும். நாலு சொல் கூடக் கதைத்தால் வரும். பட்டணத்தில் பல்லில் பிழை என்று நான்கு பல் கழற்றினார்கள்; நோவு இருந்த இடத்திலேயே இருக்கிறது. நாலு வருடமாக எங்கள் வீட்டு யன்னல்கள் சாத்தியபடி.

பரியாரியார் உயிரோடு இருந்தவரை லேகியம் தந்தார். அவர் போன பின் அவருடைய அலுமாரியிலிருந்த ஒரு சுருள் விதை மட்டும் எங்களுக்கு. முன்பு ஒரு நாள் சொன்னார்: "எல்லாச் செடியும் ஒண்டில்லை மாஸ்டர். ஒரு தாய் பெத்த பிள்ளையளே ஒண்டுபோலை இல்லையெல்லோ. உங்கடை வீட்டு அம்மாவுக்கு ஒத்துப்போற செடி ஒண்டு இருக்கும். அதைப் பிடிச்சால் விதையை மட்டும் விட்டிடாதேங்கோ."

மூன்று வருடம்:
முதல் வருடம் – ஆண் செடியைப் பிடுங்கத் தெரியாது. பூம்பொடி எங்கும் பறந்தது. விதைக்குத் தாய் தெரியும், தகப்பன் தெரியாது. 12ஆம் இலக்கம் ஓரளவு நல்லது; அதன் விதையைத் தனிச் சுருளில் வைத்தேன்.
இரண்டாம் வருடம் – நல்ல செடிக்குக் கறுப்பு நூல். மழையில் நூல் போயிற்று. பிழையான செடியின் விதையை எடுத்தேன். நினைத்தால் இப்போதும் கூச்சம்.
இந்த வருடம் – மறுபடி அந்த 12இன் பிள்ளைகள். முளைத்தவை 23. ஆண் 9, பெண் 14. எட்டு ஆண்களைப் பூக்கும் முன் பிடுங்கினேன். ஒன்றை விட்டேன்.

எந்த ஒன்றை விடுவது என்பதில் நாலு நாள் போயிற்று. ஆணில் மருந்து இல்லை. அதன் குணத்தை எதை வைத்து அறிவது? பாக்கியத்திடம் கேட்டேன்.

"மாப்பிள்ளை பாக்கேக்கை என்ன செய்யிறனாங்கள்? அவன்ரை சகோதரியள் எப்பிடி எண்டு விசாரிக்கிறேல்லையே?"

சரியான பதில். தண்டும் இலையும் 7ஐ உரித்து வைத்தது போலிருந்த ஆணை விட்டேன். அதையும் சொன்னேன்.

"அப்ப அண்ணனையும் தங்கச்சியையுமே சோடி சேர்க்கிறியள்? நல்ல பள்ளிக்கூடம் நடத்தினியள்."

செடிகளுக்கு அந்த விதி இல்லை என்றேன். உண்மையில் தெரியாது.

தைப்பொங்கலன்று மத்தியானம் அந்த ஆணின் பூம்பொடியைக் காகிதத்தில் தட்டியெடுத்து 7இன் ஒரே ஒரு கிளையில் பூசினேன். உடனே ஆணை வெட்டிப் புதைத்தேன். மற்றக் கிளைகள் விதை கட்டினால் மருந்து குறைந்துவிடும். ஆக, மூன்று வருடமும் இப்போது ஒரு கிளையில். நீளம் என் முழங்கை அளவு. எல்லாவற்றையும் ஒன்றில் வைத்தது பிழையோ?

அந்தக் கிளையை மறக்காமலிருக்க இம்முறை நூல் இல்லை, துணி. பழைய வேட்டியில் ஒரு கிழிசல். வெள்ளையாய் இருந்தால் தூரத்தில் தெரியும் என்று மஞ்சள் தண்ணீரில் தோய்த்துக் கட்டினேன். பழுத்த இலை என்று நினைப்பார்கள். செடி சரியாமலிருக்க இடிந்த மதகிலிருந்து ஒரு நீளக் கல்லை உருட்டி வந்து அடியில் நிறுத்தினேன். நல்ல யோசனை என்று பட்டது.

விதை முற்ற ஆறு கிழமை. மாசி நடுப்பகுதியில், ஆங்கிலத் தேதி 24 அளவில்.

4.2.63 திங்கள்

காலை எட்டு மணிக்கு நோவு. முகம் கழுவும்போது. கிணற்றடியில் இருந்துவிட்டாள். சத்தம் தெருவுக்குக் கேட்டிருக்கும். பதினொரு நிமிடம்.

போன வருட மருந்து போத்தலில் இரண்டு விரல் உயரம். கணக்குப்படி பதினான்கு நாள். அவள் கணக்குப்படி அல்ல.

"7ஆம் செடியிலை கொஞ்சம் பிடுங்கிக்கொண்டு வாங்கோவன்" என்றாள். இப்போது இலை பிடுங்கினால் விதை சூம்பிப் போகும் என்றேன். சோதித்துப் பார்க்க மார்கழியில் பிடுங்கியதே அதிகம். அவள் போத்தலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு உள்ளே போனாள். கதைக்க முடியாதபடியாலா, கோபமா, தெரியவில்லை.

6.2.63 புதன்

யாரோ வந்து போயிருக்கிறார்கள்.

7க்குப் பக்கத்திலுள்ள விண்ணாங்குத் தடியில், இலையோடு பச்சைக் குழை ஒன்று முறித்துத் தொங்கவிடப்பட்டிருக்கிறது. குரங்கு என்று நினைத்தேன். குரங்கு குழையை நாரால் கட்டாது.

என்ன அடையாளம் இது? யாருக்கு? கண்டுவிட்டோம் என்று சொல்கிறார்களா? அரை மணித்தியாலம் பற்றைக்குப் பின்னால் குந்தியிருந்தேன். கால் மரத்துப்போயிற்று. ஒருவரும் வரவில்லை. வீட்டுக்கு வந்து தண்ணீர் குடிக்கும்போது செம்பு பல்லில் இடித்தது.

8.2.63 வெள்ளி

கடைக்குச் சீனிக்குப் போனேன். இரண்டு பேர் கதை:

"எக்சைஸ் ஜீப் ஒண்டு திரியுதாம்."
"கசிப்புக்காரரைத் தேடித்தான். காட்டுக்கை கிடாரம் கிடாரமாச் சாராயம் காய்ச்சிறாங்களாம்."
"உள்ளுக்கை போனால் கிடாரம் மட்டுமே கிடைக்கும்? எல்லாந்தான் கிடைக்கும்."

சிரித்தார்கள். என்னைப் பார்த்துச் சிரித்தார்களா? இல்லை என்று நினைக்கிறேன். சீனியை வாங்க மறந்து வந்துவிட்டேன்.

9.2.63 சனி

இப்போது விளங்கிவிட்டது. விளங்காமலே இருந்திருக்கலாம்.

குழைகள் ஏழு. கல்லின் தலையில் கர்ப்பூரம் எரித்த கறை. முன்னால் மூன்று செம்பரத்தம்பூ. நான் வாயைப் பிளந்து நிற்கையில் பின்னால் இருமல். எருமைப்பட்டி வைத்திருக்கும் கணபதி, தோளில் கோடாலி.

"வாத்தியாரும் கேள்விப்பட்டுக் கும்பிட வந்தனீங்களோ?"

"ஆரை?"

"ஐயனை, குளத்தைக் காக்கிற ஐயனாரை! புதுசா வெளிப்பட்டிருக்கிறார். போன கிழமை என்ரை சினை எருமை காணாமல் போட்டுது. தேடிக்கொண்டு வாறன், இஞ்சை பாத்தால் மஞ்சள் சாத்திக் கல்லு நிக்குது. இந்தக் குளத்துக்கு ஒரு காலத்திலை ஐயன் இருந்திருக்க வேணும். ஒரு குழை முறிச்சுக் கட்டிப் போட்டுப் போனன். அஞ்சாம் நாள் எருமை தானா வந்து பட்டியிலை நிக்குது, கண்டுக்குட்டியும் போட்டு! பேந்து சும்மா இருக்கேலுமே? ஊரெல்லாம் சொன்னன்."

ஊரெல்லாம் சொன்னான்.

வன்னிக்காட்டில் நடப்பவர்கள் தெய்வம் இருக்கிற இடத்தைத் தாண்டும்போது குழை முறித்துக் கட்டிவிட்டுப் போவார்கள். பதினெட்டு வருடமாய் இங்கே இருக்கிறேன்; எத்தனையோ தரம் கண்டிருக்கிறேன். மஞ்சள் துணியையும் நிறுத்திய கல்லையும் சேர்த்து வைத்தவன் நான். ஒரு கணம் யோசித்தேனா? யாழ்ப்பாணத்தான் புத்தி, செடியை மட்டும் பார்த்தது.

"இந்தச் செடியள்?" என்று கேட்டேன். கேட்டிருக்கக்கூடாது.

"மாடு தின்னாது. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்" என்றான். வேறு பக்கம் பார்த்துச் சொன்னானா?

7இன் கீழ்க்கிளை ஒன்றை எவரோ குழைக்கு முறித்திருக்கிறார்கள். துணி கட்டிய கிளை இல்லை. அதற்கு ஒரு சாண் கீழே. ஒரு சாண்.

துணியை அவிழ்க்க வேண்டும். கணபதி நிற்கையில் எப்படி அவிழ்ப்பது? அவன் இல்லாவிட்டாலும் அவிழ்ப்பேனா? பொய் எழுதக்கூடாது: கர்ப்பூரக் கறையைக் கண்டபின் எனக்கே கை போகவில்லை.

12.2.63 செவ்வாய்

மப்பு மூடிய வானம். மழை இல்லை.

பத்து மணிக்கு வாசலில் விதானையாரின் சைக்கிள் மணி. அரசாங்கத்துக்கு ஊர்ப் பொறுப்பு அவர். கொப்பியை அரிசிப் பெட்டிக்குள் போட்டேன். பாக்கியம் கதிரையைத் துடைத்தாள். நாற்பத்தைந்து வயது மனிதன், பெரிய மீசை, கதைக்கும்போது கண் ஓரிடத்தில் நில்லாது.

"மாஸ்டர், உந்தக் குளத்தடி ஐயனுக்கு வெள்ளிக்கிழமை ஒரு பொங்கல் வைக்கப்போகினம். புதுநெல்லு வந்திட்டுது. நான் போகாட்டிச் சரிவராது. நீங்கள் வந்து ஒரு தேவாரம் படிக்கவேணும்."

"எனக்குத் தொண்டை..."

"தொண்டையைச் சாட்டாதேங்கோ. படிச்ச மனிசன் நீங்கள் ஒராள்தான். வியாழக்கிழமை பெடியள் போய் இடத்தைத் துப்பரவாக்குவாங்கள். கல்லைச் சுத்திவரச் செடிகொடி எல்லாம் வெட்டி வெளியாக்கினால்தான் பானை வைக்கலாம்."

அவர் போன பிறகு பாக்கியம்: "என்ன நிக்கிறியள்? ஓடிப்போய் ஏழாம் நம்பரைப் பிடுங்குங்கோ."

சாப்பிடாமல் போனேன். ஒரு விதையை நகத்தால் நசித்துப் பார்த்தேன். பால் பருவம். உள்ளே வெள்ளைத் தண்ணீர். இப்போது எடுத்தால் ஒன்றும் முளைக்காது. எடுக்காவிட்டால் நாளை மறுநாள் கத்தி.

எடுக்கவில்லை. நிதானமா, கோழைத்தனமா? வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி.

14.2.63 வியாழன்

வெட்டினார்கள்.

ஏழு பேர், காட்டுக்கத்திகள். ஏழரை மணிக்கே போய்விட்டேன். கணபதிதான் மேற்பார்வை. முதலில் 1, 2. பிறகு 3. எலுமிச்சை மணம் எழும்பியது. ஒருவன், "என்ன வாசமடா இது" என்றான். 5 விழுந்தபோது வருத்தமில்லை. 11 விழுந்தபோது ஏனோ கண் கலங்கிற்று. அதனால் ஒரு பயனும் இல்லை, இருந்தும்.

7க்குக் கத்தி ஓங்கினான் ஒரு இளந்தாரி.

"அதை வெட்டாதே!"

என் குரல். வகுப்பறைக் குரல், பதினொரு வருடமாகப் பாவிக்காதது. எல்லோரும் நின்றார்கள்.

"அது... கல்லோடை நிக்கிற மரம். தலவிருட்சம். கோயிலுக்குக் கோயில் ஒரு விருட்சம் உண்டு. அதிலை கத்தி வைக்கிறதோ, குழை முறிக்கிறதோ, இலை பிடுங்கிறதோ பாவம்."

"மரமோ? என்ரை நெஞ்சுக்குக் கூட வரேல்லை" என்றான் இளந்தாரி.

"டேய், வாத்தியார் சொல்லுறார். உனக்கென்ன தெரியும்?" – கணபதி.

விட்டார்கள். மற்றப் பதின்மூன்றையும் குவித்து எங்கோ இழுத்துப் போனார்கள். கணபதி முட்கொப்புகளை வெட்டி 7ஐச் சுற்றி வேலி அடைத்தான். "இனி ஒரு ஆள் தொடட்டும் பாப்பம்" என்றான்.

பொய் சொன்ன பிள்ளைகளை வாங்குப் பலகையில் ஏற்றி நிறுத்தியவன் நான். தெய்வத்தின் பெயரால், ஏழு பேர் முன்னிலையில், தயக்கமில்லாமல். தயங்காததுதான் பயமாயிருக்கிறது.

15.2.63 வெள்ளி

பொங்கல். முப்பது பேருக்குக் குறையாது. மூன்று பானை. பால் கிழக்கே பொங்கி வழிந்தது, நல்ல சகுனமாம். தேவாரம் படித்தேன். இரண்டாவது அடியில் குரல் உடைந்தது. பக்தி என்று நினைத்துப் பெண்கள் கைகூப்பினார்கள்.

பிறகு விதானையார் வாழையிலையில் பொங்கலோடு வந்து என் பக்கத்தில் நின்றார். முள்வேலிக்கு மேலால் கைவிட்டு ஓர் இலையை விரலால் தடவி, விரலை மூக்கில் வைத்தார்.

"தலவிருட்சம் எண்டு சொன்னியளாம்."

"ஓம்."

"தலவிருட்சம் எண்டால் நூறு வருசம் நிக்கவேண்டாமோ மாஸ்டர்? இது எவ்வளவு காலம் நிக்கும்?"

"இன்னும் ஒன்பது நாள்."

வாயிலிருந்து வந்துவிட்டது. கேட்ட கேள்விக்குச் சரியான விடை சொல்லும் பழக்கம். அவர் சாப்பிடுவதை நிறுத்தினார். நான் என் கால் பெருவிரலைப் பார்த்தேன். எறும்பு ஒன்று ஊர்ந்தது.

பிறகு, வேறு எதையோ கதைப்பது போல: "25ஆந் தேதி, திங்கக்கிழமை, எக்சைஸ் ஐயா காட்டுக்கை தேடுதலுக்கு வாறார். வழிகாட்டுறது நான்தான். இந்தக் குளக்கட்டாலைதான் ஜீப் வரும்."

"ஓம்."

"அண்டைக்கு நான் ஒண்டையும் மறைக்கமாட்டன். என்ரை உத்தியோகம். விளங்குதோ?"

"விளங்குது."

"பொங்கலுக்குச் சக்கரை போதாது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கணக்கு: 24 ஞாயிறு விதை முற்றும். 25 திங்கள் ஜீப். இடையில் ஒரு இரவு. பாக்கியத்துக்குச் சொன்னேன். "ஒரு நாள் போதுந்தானே" என்றாள். என் கணக்கு ஒரு நாள் பிழைத்தால்?

18.2.63 திங்கள்

போத்தல் முடிந்தது. அடியில் தண்ணீர் விட்டு அலசிக் கொடுத்தேன்.

மத்தியானம் நோவு, இருபது நிமிடம். சாப்பிடவில்லை.

19.2.63 செவ்வாய்

காலை, மத்தியானம், பின்னேரம். கஞ்சித் தண்ணீரும் வாயில் வைக்க முடியவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறாள். சேலைத் தலைப்பைக் கடித்துக் கடித்து ஓட்டை.

எழுதிக் காட்டினாள், என் பென்சிலால், இந்தக் கொப்பியின் பின் அட்டையில்: *விதை உமக்கு. இலை எனக்கு.*

நாற்பத்தாறு வருடத்தில் அவள் என்னை "உம்" என்றதில்லை; எப்போதும் "உங்களுக்கு"தான்.

20.2.63 புதன்

முதலில் நடந்தது, பிறகு நினைத்தது. ஒழுங்காக எழுதவேண்டும்.

ஆறரைக்கே போனேன். பத்து இலை போதும். துணி கட்டாத கிளைகளிலிருந்து எடுத்தால் விதைக்கு அதிகம் பாதிப்பில்லை. முட்கொப்பை விலக்கிக் கையை உள்ளே விட்டேன்.

"வாத்தியார்."

கணபதி. மூன்று நாளாக அங்கேதான் எருமை மேய்க்கிறானாம்.

"இலை பிடுங்கிறது பாவம் எண்டு ஆர் சொன்னது?"

"நான்."

"அப்ப?"

கையை எடுத்தேன். முள் கிழித்திருந்தது. வீட்டுக்குத் திரும்பி நாலு அடி நடந்தேன். அவ்வளவுதான், போய்விடுவேன் என்று நினைத்தேன். என் இயல்பு அது. பின் அட்டை எழுத்து ஞாபகம் வந்தது. திரும்பினேன்.

"கணபதி, அது ஐயன் இல்லை. துணி நான் கட்டினது. கல்லும் நான் வைச்சது. செடியும் நான் நட்டது."

பல்லுக் குத்திக்கொண்டிருந்தவன் நிறுத்தவில்லை. "தெரியும்."

"தெரியுமோ?"

"முள்ளியவளையிலை நீலக்கரை வேட்டி கட்டுற ஆள் நீங்கள் ஒராள். மஞ்சளிலை தோய்ச்சால் கரை மறையுமே? பொங்கலண்டுதான் கிட்ட நிண்டு வடிவாப் பாத்தனான்."

"அப்ப ஏன் காவல் நிக்கிறாய்?"

"நீங்கள் கல்லை வைச்சனீங்கள். வந்து இருந்தது அவர். என்ரை எருமை திரும்பி வந்ததெல்லோ? அதையும் நீங்களே கொண்டந்து விட்டனீங்கள்?"

முள் கிழித்த கையை வேட்டியில் துடைத்தேன்.

"அம்மாவுக்கோ?" என்றான்.

"ஓம்."

"பட்டியைச் சாய்ச்சுக்கொண்டு உங்கடை வேலியாலை போகேக்கை சத்தம் கேக்கிறனான். நேற்று எருமையள் நிண்டு பாத்திட்டுத்தான் போச்சுதுகள்." பல்லுக் குத்திய குச்சியை எறிந்தான். "என்னட்டைக் கேக்காதேங்கோ வாத்தியார். நான் காவல்காரன். அவரிட்டைக் கேட்டு எடுங்கோ."

செருப்பைக் கழற்றினேன். மதகிலிருந்து நானே உருட்டிவந்த கல். எந்தப் பக்கம் உடைந்திருக்கிறது என்றுகூடத் தெரியும். அதன் முன்னால் நின்று கேட்டேன். என்ன சொல்லிக் கேட்டேன் என்பதை எழுதவில்லை.

பத்து இலை எடுத்தேன். பிறகு இன்னும் ஐந்து. கணபதி எருமைகளைப் பார்த்தபடி நின்றான்.

பரியாரியார் சொன்ன முறைப்படி பாலில். பதினொரு மணிக்குக் கொடுத்தேன். ஒரு மணிக்கு நித்திரை. மாலைவரை எழும்பவில்லை. மூன்று தரம் மூச்சுப் பார்த்தேன்.

22.2.63 வெள்ளி

நேற்று நோவு ஒரு தரம், இரண்டு நிமிடம். இன்று இதுவரை இல்லை. புட்டுக் கொஞ்சம் சாப்பிட்டாள். இடப் பக்கமாக மென்று.

"உம் எண்டு எழுதினதுக்குக் கோபமோ?" என்று கேட்டாள்.

"எழுத்துப் பிழை இல்லை" என்றேன். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

இரண்டு நாள் ஆதாரமாகாது. பச்சை இலைக்குப் பழைய மருந்தைவிட வேகம் கூட இருக்கலாம். நோவு தானாகவே தணியும் காலங்களும் உண்டு. 7இன் குணம் என்று இப்போதே எழுதக்கூடாது.

24.2.63 ஞாயிறு

காலையிலேயே போனேன். குளக்கட்டில் ஜீப் தடம் இருக்கிறதா என்று குனிந்து குனிந்து பார்த்தேன். மாட்டு வண்டித் தடம் மட்டும்.

துணியை அவிழ்த்தேன். ஒரு விதையை நகத்தால் நசித்தேன். நசியவில்லை. கபில நிறம், மேலே புலிமுகச் சோழி போல வரி. ஒன்றைக் கடித்தேன். உள்ளே கெட்டி.

கிளையை முதலில், காகிதப் பைக்குள். பிறகு செடியை வேரோடு. வேர் என் சுண்டுவிரலைவிடச் சிறிது தடிப்பு. மூன்று வருடத்தின் வேர்.

அங்கேயே காவல் நின்ற கணபதி, செடி நின்ற குழியைக் காலால் மூடினான். நான் துணியை மடித்துச் சட்டைப் பைக்குள் வைக்கப் போனேன்.

"அது இப்ப உங்கடையில்லை" என்றான்.

வாங்கி, கல்லின் இடுப்பில் கட்டினான். நீலக்கரை வெளியே தெரிந்தது. அவனும் கண்டான். கரையை உள்ளே மடித்துவிட்டான்.

வீட்டில் எண்ணியது: முற்றிய விதை 37. பச்சை 9. சூம்பியது 4. இலையைக் கட்டிலுக்கடியில் பாயில் விரித்திருக்கிறேன்.

25.2.63 திங்கள்

காலை எட்டரைக்கு ஜீப் சத்தம். எங்கள் படலையைத் தாண்டிப் போயிற்று. முன்சீட்டில் விதானையார், எங்கள் வீட்டுப் பக்கம் திரும்பவேயில்லை. பாக்கியமும் நானும் ஒருவரையொருவர் பார்க்காமல் இருந்தோம். அவள் ஒரே கொத்து முருங்கையிலையை ஒன்றரை மணித்தியாலம் ஆய்ந்தாள்.

பதினொன்றரைக்கு ஜீப் திரும்பி வந்தது. படலையில் நிற்கவில்லை.

பின்னேரம் கணபதி வேலிக்கு வெளியே நின்று: "காட்டுக்கை ரெண்டு கிடாரம் அம்பிட்டுதாம், வாத்தியார்."

"குளத்தடியிலை?"

"விதானையார் இறங்கிக் கும்பிட்டவர். எக்சைஸ் ஐயா, இது ஆர் எண்டு கேட்டார். புது ஐயன், போன காரியம் சரிவரும் எண்டு சொன்னன். அவரும் இறங்கிச் சப்பாத்தைக் கழட்டிப் போட்டு ஒரு குழை முறிச்சுக் கட்டினவர்."

"என்ன குழை?"

"பாலைக் குழை. வேறை என்ன இருக்கு அங்கை?" சிரித்துக்கொண்டு எருமையை அதட்டினான்.

26.2.63 செவ்வாய்

விதைகளை மறுபடி எண்ணினேன். 37இல் ஒன்று பிளந்திருக்கிறது. 36. சுருளின் மேல் எழுதியது: "7. தாய் 12. தகப்பன் தைப்பொங்கல்." வேறொருவருக்கு ஒன்றும் விளங்காது.

அடுத்த ஐப்பசி விதைப்புக்கு:
துணி வேண்டாம். கல் வேண்டாம்.
இரண்டு கிளையில் விதை கட்டவிட வேண்டும், ஒன்றில் அல்ல.
வேறு இடம். (அந்த இடத்தில் இனி யாரும் கத்தி வைக்கமாட்டார்கள் என்ற எண்ணம் இரண்டு தரம் வந்தது. வெட்கம். மூன்றாம் தரமும் வரும்.)
கல்லுக்கு வெள்ளிக்கிழமைகளில் விளக்கு. கேட்டுப் பெற்றதற்கு.

20 முதல் இன்றுவரை ஏழு நாள். நோவு மூன்று தரம், எல்லாம் சேர்த்து ஆறு நிமிடம். முந்திய ஏழு நாள்: எண்ணவில்லை, எண்ண முடியவில்லை.

மேலே உள்ளதை எழுதிக்கொண்டிருக்கையில் தாள் படபடத்தது. நிமிர்ந்தேன். முன் யன்னலின் ஒரு கதவு திறந்து கிடக்கிறது. பாக்கியம் அதனடியில் கதிரையைப் போட்டு அரிசியில் கல் பொறுக்குகிறாள். சாத்துவதற்கு ஓடினேன்.

"கிடக்கட்டும்" என்றாள். சுளகிலிருந்து தலை நிமிரவில்லை.

மணி 4.40. வாடைக் காற்று, மிதமானது. வலக் கன்னம் யன்னல் பக்கம்.